பெட்ரோல் லாரிக்கு டீசல் வயிறு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் வழக்கம்போல் கேட்டைத் திறந்துவிட்டேன். வழக்கம்போல் இவள் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். கேட்டை மூடினேன். இப்போதைக்கு இந்த வீட்டில் என் உத்தியோகம் இதுதான். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

பாதி ஆயுள் லாரி ஓட்டியவன் நான். போன மழைக்காலத்தில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தட்டின்மேல் சாய்ந்துவிட்டேன். வலிப்பு என்றார்கள். ஆஸ்பத்திரியில் மறுபடியும் ஒரு தடவை வந்தது. ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது, ஒரு வருடம் முழுக்க வராமல் இருந்தால் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்தப் 'பார்க்கலாம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குகிறேன்.

கல்யாணமான புதிதில் இவளுக்கு லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான். என்ன பெரிய மனசு எனக்கு என்று என்னை நானே மெச்சிக்கொண்ட காலம் அது. லைசென்ஸும் எடுத்தாள். அது பீரோவில் தூங்கும் என்று நினைத்திருந்தேன். இன்று மாவு மில்லில் மூட்டை ஏற்றி மலைமேல் இருக்கிற பேக்கரிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இவள். வளைவுகளில் உங்களைவிட நிதானம் என்று மில் மேனேஜர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டும் சிரிக்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

வண்டி பழைய பெட்ரோல் லாரி. ஏற்றத்தில் குடம் குடமாகக் குடிக்கிறது. இவள் ஓடி ஓடிச் சம்பாதிப்பது பாதி அதன் வயிற்றுக்கே போகிறது. டீசலுக்கு மாற்றிவிட்டால் என்ன?

இதைக் கேட் மூடிய கையோடு யோசித்தேன். கேட் மூடுவதில் இந்த ஒரு வசதி, மூளைக்கு வேலை கிடையாது.

மார்ச் 5, வியாழன்

மெக்கானிக் வந்தார். பட்டறைக்குப் போய் யார் என்ன அவசரம் சொன்னாலும் "பொறுமை, பொறுமை" என்பார். அதனால் அவர் பெயரே பொறுமை ஆகிவிட்டது. பின்பக்கம் நசுங்கிப்போன ஒரு வேன் அவர் பட்டறையில் கிடக்கிறதாம். அதே கம்பெனி, டீசல் எஞ்சின், முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதை நம் வண்டியில் உட்கார வைக்கலாம் என்றார்.

அப்போது என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

எஞ்சினை நீங்கள் மாட்டுங்கள், டேங்கிலிருந்து எஞ்சின் வரை என் பொறுப்பு என்றேன். டேங்க், பைப், ஃபில்டர் — தண்ணீர்க் குழாய் வேலை மாதிரிதானே என்றும் சேர்த்துச் சொன்னேன். பொறுமை என்னைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். இவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், திரும்பவில்லை. ஆனால் களைகிற சத்தம் நின்றது.

"செய்யட்டும். வீட்லதான இருக்காரு" என்றாள்.

அனுமதி கொடுத்தாளா, குத்திக் காட்டினாளா? ராத்திரிச் சாப்பாடு வரை யோசித்தும் பிடிபடவில்லை.

மில் மேனேஜர் இந்த மாதக் கடைசி வரை வேறு வண்டி வைத்துச் சமாளிப்பாராம். அதற்குள் நம் வண்டி வரவில்லையென்றால் அந்த வேறு வண்டியே நிரந்தரமாகிவிடும். அதைத் தேன் தடவித்தான் சொன்னார்.

மார்ச் 8, ஞாயிறு

முதல் வேலை: டேங்கில் மிச்சம் இருக்கிற பெட்ரோலை எடுப்பது.

ஒரு சின்ன ஓஸைப் போட்டு வாயால் உறிஞ்சினேன். வெளியே வரும்போது வாயை எடுத்துவிடலாம் என்பது திட்டம். பெட்ரோலுக்கு அந்தத் திட்டத்தை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மகள் காலேஜ் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். இவள் வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, சட்டையைக் கழற்றச் சொல்லி, அடுப்பை அணைத்து, அக்கம்பக்கத்து அடுப்பையும் அணைக்கச் சொல்லிவிட்டு வந்து நின்றாள். கொஞ்சம் விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா, ஏற்கெனவே மூளையில் ஒரு கோளாறு இருக்கிற மனுஷன் — என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியதுதான் வலித்தது.

"அப்பா, நீங்க இப்ப கொட்டாவி விட்டாலே வண்டி ஓடும்" என்றாள் மகள்.

சாப்பாடு எல்லாம் பெட்ரோல் வாசனை. ஏப்பமும்.

மார்ச் 9, திங்கள்

கைப் பம்ப் என்று ஒரு பொருள் கடையில் விற்கிறது. பொறுமை வைத்திருக்கிறார். நேற்றே கேட்டிருக்கலாமே என்றார். கேட்டிருக்கலாம்தான்.

மார்ச் 14, சனி

டேங்கைக் கழற்றி, டீசல் ஊற்றிக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினேன். உள்ளே இருந்து வந்த துருவையும் சேற்றையும் பார்த்தால், இத்தனை வருடம் வண்டி ஓடியதே அதன் நல்ல குணத்தால்தான் என்று தோன்றுகிறது. அடியில் ஒரு இடத்தில் துரு தின்றிருந்தது. அதைப் பற்றவைப்புக் கடைக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். நல்லவேளை, தெருமுனையில் பொறுமை எதிரே வந்தார். எங்கே என்றார். சொன்னேன்.

இந்த மனிதர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. இன்றும் சத்தம் போடவில்லை. என் கையிலிருந்து டேங்கை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பெட்ரோல் குடித்த டேங்க் வெறும் டேங்க் இல்லை, குண்டு, அதில் நெருப்பு வைத்தால் கடையோடு போய்ச் சேருவீர்கள் என்று மெதுவாகச் சொன்னார். அந்த மெதுவில் முதுகு சில்லிட்டது.

வேனிலிருந்தே ஒரு டேங்க் தேறுமா என்று பார்த்தோம். அது பின்பக்கத்தோடு அப்பளமாகியிருந்தது. பிறகு வேறொரு பழைய லாரியின் டேங்கைத் தேடிப் பிடித்தார். துரு இல்லை, அடிப்பக்கம் கெட்டி.

இதை இவளிடம் சொல்லவில்லை. நாட்குறிப்புக்கு மட்டும்.

மார்ச் 16, திங்கள்

மகள் சொல்லிவிட்டாள். பொறுமை அவளிடம் சொல்லியிருக்கிறார். இந்த வீட்டில் ரகசியம் தங்குவதற்கு இந்தப் புத்தகத்தைவிட்டால் வேறு இடம் இல்லை.

மார்ச் 19, வியாழன்

பைப் இழுத்து முடித்தேன். டேங்கிலிருந்து சட்டத்தோடு ஒட்டி, சைலன்ஸர் சூடு படாமல் ஒதுக்கி, ஃபில்டர் வரைக்கும், அங்கிருந்து எஞ்சின் பம்புக்கு. ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கிளிப். ஓவியம் மாதிரி இருந்தது. மல்லாந்து படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுமை குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"போறதுக்கு வழி போட்டுட்டீங்க அண்ணே. திரும்பி வர்றதுக்கு?"

டீசல் பம்ப் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அது டேங்குக்கு வர இன்னொரு பைப் வேண்டும். பழைய பெட்ரோல் எஞ்சினில் போனது போனதுதான், திரும்பி வந்ததே இல்லை. என் பழக்கமும் அதுதான் போலிருக்கிறது. இவள் சொல்வதெல்லாம் காதுக்குள் போகும், பதில் வராது. (இது இவளுடைய கருத்து. வீட்டுக்குள் வந்து பைப் கதையைச் சொன்னதும் உடனே சொன்னாள். யோசிக்கவே இல்லை.)

டேங்கின் மேலே டீசல் அளவு காட்டுகிற மிதவைக் கருவி உட்காருகிற வட்டத் தகடு தனியாகக் கழலும். அதை மட்டும் எடுத்துப்போய் ஒரு சின்னக் குழாய் பற்றவைத்து வந்தேன். டேங்கை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போனேன். மனிதனுக்கும் புத்தி வரும்.

மார்ச் 21, சனி

திரும்பி வரும் பைப்பும் முடிந்தது. எல்லா ஓஸும் புதிது. ஃபில்டருக்கு முன்னால் ஒரு முழம் மட்டும் பழையது. கடையில் அந்த அளவு தீர்ந்துவிட்டது. பழையது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, வளைத்தால் வளைகிறது. இரண்டு பக்கமும் புதுக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டேன். பொறுமை எல்லாம் புதுசுதானே என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினேன். ஒரு முழத்துக்காகத் தலையைக் குறுக்காக ஆட்டுவானேன்.

மார்ச் 24, செவ்வாய்

இன்று எஞ்சின் பேசியது.

காலையில் சாவியைத் திருப்பினோம், திருப்பினோம், திருப்பினோம். சுற்றுகிறதே தவிரப் பிடிக்கவில்லை. பைப்புக்குள் காற்று இருந்தால் டீசல் எஞ்சின் உயிர் பெறாதாம். பொறுமை சொல்லித்தந்தார்: ஃபில்டர் தலையில் இருக்கிற திருகைத் தளர்த்தி, கைப் பிஸ்டனை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரையாக வரும். நுரை நின்று சுத்தமாக டீசல் வந்ததும் மூட வேண்டும். பிறகு எஞ்சினுக்குப் போகிற சின்னப் பைப்புகளின் நட்டைத் தளர்த்திச் சாவியைத் திருப்ப வேண்டும். அங்கேயும் டீசல் துப்பினதும் இறுக்க வேண்டும். செய்தேன். கட்டைவிரல் கொப்புளம். முகம், காது, தலைமுடி எல்லாம் டீசல்.

இரண்டு தடவை இருமியது. அப்புறம் பிடித்துக்கொண்டது. தடதடவென்று கேட் ஆடியது, ஜன்னல் ஆடியது, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நானும் ஆடியிருப்பேன், மகள் பார்த்துக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன். இவள் வாசலில் நின்று காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவள் சிரித்து நாளாகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

பொறுமை இவளைத்தான் ஏறி ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னார். என்னைப் பார்க்காமல் சொன்னார். நானும் கேட்டைத் திறக்கப் போனேன்.

மார்ச் 25, புதன்

டீசல் போட பங்குக்குப் போனது ஒரு தனிக் கதை.

இவள் ஓட்டினாள். என்னையும் ஏறச் சொன்னாள். பக்கத்து சீட்டில். என் வண்டியில், என் மனைவி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டு போவதா. நடந்து வருகிறேன், உடம்புக்கு நல்லது என்றேன். வண்டி முன்னால் போக, நான் பின்னால் வேர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தேன். தெருவில் பார்த்தவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பங்கில் டீசல் குழாய் வாயே நம் டேங்க் கழுத்துக்குள் நுழையவில்லை. டேங்கை மாற்றியபோது கழுத்தைப் பழைய வண்டியிலிருந்தே எடுத்து மாட்டியிருந்தேன். அது பெட்ரோல் கழுத்து, ஒடுக்கம். டீசல் குழாய் தடியன். குழாய் பிடித்திருந்தவர் மூடியில் 'பெட்ரோல்' என்று எழுதியிருப்பதைக் காட்டி, டீசல் போட மாட்டேன், அப்புறம் என் தலையில் விடியும் என்றார். இது டீசல் வண்டிதான் என்று நான் சொல்ல, வண்டி யாருடையது என்று அவர் கேட்க, என்னுடையது என்றேன். அப்படியென்றால் ஓட்டுகிற அம்மா யார் என்றார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

இவள் இறங்கி எஞ்சின் மூடியைத் திறந்து காட்டினாள். அந்த ஆள் பார்த்துவிட்டு, சரி, ஊற்றிக்கொள்ளுங்கள் என்று கேனில் பிடித்துக் கொடுத்தார். தண்ணீர் பாட்டிலை அறுத்துப் புனலாக்கி ஊற்றினோம். பாதி டேங்குக்கு, பாதி என் செருப்புக்கு.

மார்ச் 27, வெள்ளி

கழுத்தை மாற்றிவிட்டேன். மூடியில் மகள் பெயின்ட்டால் 'டீசல்' என்று எழுதினாள். கீழே சின்னதாக 'சத்தியமாக' என்றும் எழுதியிருக்கிறாள்.

வாகன ஆய்வாளர் வந்து பார்த்தார். எரிபொருள் மாற்றத்தைப் பதிவில் சேர்க்க வேண்டுமல்லவா. அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பைப் வேலை யார் செய்தது, சுத்தமாக இருக்கிறதே என்றார். நான்தான் என்று நான் சொல்வதற்குள் இவள், "இவருதான்" என்றாள்.

மூன்று தடவை முகம் கழுவினேன் இன்று. சும்மாதான்.

மார்ச் 28, சனி

நாளை காலை இவளும் மகளும் அக்கா வீட்டுக்குப் போகிறார்கள். வண்டி வீட்டில்தான் நிற்கும். திங்கட்கிழமை மில்லுக்கு முதல் லோடு.

தெருமுனை வரைதான். போய்த் திரும்பி வந்துவிடலாம். ஞாயிறு காலையில் தெருவில் ஈ காக்கை இருக்காது. வலிப்பு வந்து மாதக்கணக்காகிவிட்டது. நான் போட்ட பைப், நான் ஊற்றிய டீசல். எப்படி இழுக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

யாரிடம் கேட்கிறேன்.

மார்ச் 30, திங்கள்

மறுபடியும் வந்துவிட்டது.

ஏப்ரல் 1, புதன்

இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. முட்டாள்கள் தினமாம். பொருத்தமான நாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஏறி உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. சீட்டைப் பின்னால் தள்ளினேன், இவள் குட்டை. கண்ணாடியைத் திருப்பினேன். சாவி கையில் இருந்தது. அதற்கு மேல் ஞாபகம் இல்லை.

அதற்கு மேல் நடந்ததைத் தெருவே சொல்லும். என் நெற்றி போய் ஹாரனில் விழுந்திருக்கிறது. ஹாரன் விடாமல் அலறியிருக்கிறது. ஈ காக்கை இல்லாத தெரு மொத்தமும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறது. மகள் கைப்பையை மறந்துவிட்டுப் போய், எடுக்கத் திரும்பி வந்தவள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏறி என்னைச் சாய்த்துப் படுக்க வைத்திருக்கிறாள்.

சாவியைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால், முனை வரை போயிருந்தால் — அங்கே டீக்கடை இருக்கிறது. பெஞ்சில் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

எழுத முடியவில்லை. அப்புறம்.

ஏப்ரல் 2, வியாழன்

டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். கணக்கு முதலிலிருந்து ஆரம்பமாம். இந்தத் தடவை 'பார்க்கலாம்' என்றுகூடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வண்டியில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று இவள் கேட்கவே இல்லை. துடைத்துக்கொண்டிருந்தேன் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே தானாகச் சொன்னாள்: "திரும்ப ஓட்டணும்னுதான் இவ்வளவு பாடுபட்டீங்கன்னு எனக்கு முதல் நாளே தெரியும்."

தெரிந்துமா விட்டாய் என்று கேட்டேன்.

"அந்த நாலு வாரமும் நீங்க சாப்பிட்டீங்க, தூங்கினீங்க, சண்டை போட்டீங்க. அதுக்கு முன்னாடி சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. நான் வேற என்ன செய்வேன்?"

மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் ஒரு தலையணை உறையை ரொம்ப நேரம் மடித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

மேனேஜர் ஒரு வாரம் பொறுத்துக்கொண்டார். வண்டி இன்று முதல் லோடு போய் வந்தது. ஏற்றத்தில் சும்மா இழுக்கிறதாம். கேட் மூடினேன்.

ஏப்ரல் 11, சனி

வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் வீரனாகிவிடுவேன், ஞாபகத்தில்.

மத்தியானம் போன் வந்தது. இவள்தான். மலையில் பாதி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. முதலில் இழுவை குறைந்து, திணறி, அப்படியே அணைந்துவிட்டதாம். சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டாள். மாவு மூட்டை மேலே தார்ப்பாய் இருக்கிறது, ஆனால் மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. மாவு நனைந்தால் மூட்டையோடு பசைதான். அதோடு மில்லும் போய்விடும்.

பொறுமைக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி இவளுக்கு அடித்து வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். பேட்டரி வயரை ஆட்டிப் பார், ரேடியேட்டரைப் பார், டேங்க் மூடியைத் திறந்து மூடு — டீசல் வண்டியில் இல்லாத சாமானைக்கூடப் பார்க்கச் சொன்னேன் என்று நினைக்கிறேன். மகள் என் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு நின்றாள். நான் கீழே விழுந்துவிடுவேன் என்று அவளுக்குப் பயம். எனக்கும்தான்.

இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"கண்ண மூடுங்க. வண்டிக்கு அடியில படுத்திருக்கிறதா நெனச்சுக்கங்க. இப்ப ஒவ்வொண்ணா சொல்லுங்க."

மூடினேன்.

வண்டி வந்து நின்றது. நிஜமாகத்தான். டேங்க், மேலே வட்டத் தகடு, அங்கிருந்து புறப்படுகிற பைப், முதல் கிளிப், இரண்டாவது கிளிப். எந்தக் கிளிப்பின் திருகில் தலை கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்பதுகூடத் தெரிந்தது. ஃபில்டர் எங்கே இருக்கிறது, எந்தத் திருகு, எந்த ஸ்பேனர் என்று சொன்னேன். தளர்த்தினாள். கைப் பிஸ்டனை அமுக்கச் சொன்னேன். அமுக்கினாள். மூச்சு வாங்குவது போனில் கேட்டது.

"நுரையாவே வருதுங்க. நிக்க மாட்டேங்குது."

நிற்காத நுரை என்றால் எங்கேயோ காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில். டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும், கண்ணுக்குத் தெரியாது. கண்ணை மூடியபடியே பைப்போடு திரும்பி வந்தேன். ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு. ஃபில்டருக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டேன்.

அந்த ஒரு முழம்.

"என்ன, பேச்சைக் காணோம்?" என்றாள்.

சொன்னேன். அது மட்டும் பழைய ஓஸ், கடையில் இல்லை, பார்க்க நன்றாக இருந்தது, பொறுமையிடம் புதுசு என்று தலையாட்டினேன், எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் காற்று அடிப்பது மட்டும் கேட்டது.

"சரி. அத வீட்டுக்கு வந்து பேசிக்கிறேன். இப்ப என்ன செய்யணும்?"

ஃபில்டர் பக்கத்து நுனியைப் பார்க்கச் சொன்னேன். கிளாம்பைத் தளர்த்தி உருவினாள். நுனியில் கிளாம்ப் கடித்த இடத்தில் வெடித்திருந்தது. டீசல் கொட்டினால் கொட்டட்டும், வெடித்ததை நேராக வெட்டிவிட்டு மிச்சத்தை இழுத்து மாட்டு, நீளம் பற்றும் என்றேன். மூட்டைக் கயிறு அறுக்கிற கத்தி வைத்திருக்கிறாள். வெட்டினாள். இழுத்து மாட்டி இறுக்கும்போது ஸ்பேனர் நழுவி 'ஸ்' என்றாள். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றாள். மறுபடி அமுக்கினாள். இந்தத் தடவை நுரை குறைந்தது, நின்றது. எஞ்சின் பக்கத்து நட்டுகளையும் சொன்னேன், ஒவ்வொன்றாக. துப்பியது, இறுக்கினாள்.

சாவியைத் திருப்பினாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தேன். இருமியது. மறுபடி இருமியது. பிடித்துக்கொண்டது.

போன் காதைக் கிழித்தது. மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் தண்ணீரைக் குடித்தேன், பாதி சட்டையில்.

மழை அவள் பேக்கரிக் கொட்டகைக்குள் வண்டியை விட்ட பிறகுதான் வந்ததாம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பொறுமை அந்த ஒரு முழத்தைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெட்ரோலில் ஊறின ரப்பரை டீசலுக்குப் போட்டால் என்ன ஆகும் என்று தெரியாதா, மலையில் ஒரு பொம்பளை ஆள் தனியாக நின்றிருக்கிறாள், உங்களுக்கு அறிவு இருக்கிறதா என்றார். பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். இவரைப் பொறுமை இழக்க வைத்த முதல் ஆள் நான்தானாம். எதிலாவது முதலாவதாக வந்தோமே.

புது ஓஸ் மாட்டியாகிவிட்டது. மாட்டியது நான். மேற்பார்வை: மொத்தப் பட்டறையும்.

ஏப்ரல் 13, திங்கள்

இவள் கைவிரல் முட்டியில் தோல் பெயர்ந்திருக்கிறது. கட்டு போட்டுவிட்டேன். எப்போது திட்டப் போகிறாள் என்று காத்துக்கொண்டே போட்டேன். திட்டவில்லை. நாளையிலிருந்து கூட வாருங்கள் என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எதுக்கு? வண்டி நின்னா ரிப்பேர் பாக்க ஒரு ஆள் வேணும், அதுக்குத்தானே? இல்ல வீட்ல தனியா விட்டா மறுபடி ஏறி உக்காந்துடுவான்னு காவலா? கேட்டேவிட்டேன்.

கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்காகச் சொல்லல. போக வர ஒரு நாள் முழுக்க. பேச ஆள் கிடையாது. எனக்குத் தனியா போக அலுப்பா இருக்குங்க."

இத்தனை மாதமாக அந்த வண்டி கேட்டைத் தாண்டும்போதெல்லாம் என்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அங்கே தனியாக உட்கார்ந்திருப்பாள் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. என்ன மனுஷன்டா நீ.

முறுக்கிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன். தூக்கம் வந்தால்தானே.

ஏப்ரல் 15, புதன்

முறுக்கு தொடர்கிறது. யாரும் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ளாத முறுக்கைச் சுமப்பது மாவு மூட்டையைவிடக் கனம்.

ஏப்ரல் 17, வெள்ளி

போனேன்.

பக்கத்து சீட் இவ்வளவு உயரம் என்று தெரியாது. காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. முதல் வளைவிலேயே என் வலதுகால் தானாகத் தரையை மிதித்தது. மில் தாண்டுவதற்குள் கியரை இறக்கு என்றேன். இறக்கியிருந்தாள். ஓரமாக ஒதுக்கு என்றேன். ஒதுக்கியிருந்தாள். மூன்றாவது தடவை வாயைத் திறந்தபோது, "பேசறதுக்குத்தான் வரச் சொன்னேன். இதப் பேச இல்ல" என்றாள்.

பிறகு எதைப் பேசுவது என்று தெரியாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். இந்த ரோட்டில் எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன அருவி இருக்கிறது. ஓட்டுகிறவன் கண்ணுக்கு அது தெரியாது, வளைவைத்தான் பார்க்க வேண்டும். இவளிடம் சொன்னேன். அப்படியா, எங்கே என்றாள். நீ ரோட்டைப் பார் என்றேன்.

சிரித்துவிட்டோம்.

ஏப்ரல் 24, வெள்ளி

மலைமேல் பேக்கரிக்காரர் ஒருவர் தன் வண்டியையும் டீசலுக்கு மாற்ற வேண்டும், பைப் வேலை செய்து தருவீர்களா என்று கேட்டார். பொறுமையிடம் கேட்டேன். எஞ்சின் தான் பார்ப்பதாகச் சொன்னார், ஒரு நிபந்தனையோடு: எல்லா ஓஸையும் அவரே வாங்கி வந்து என் கையில் எண்ணிக் கொடுப்பாராம். சம்மதித்தேன். கௌரவம் பார்க்கிற நிலையிலா இருக்கிறேன்.

மே 9, சனி

காலையில் மில், அப்புறம் மலை, மூன்று பேக்கரி. கடைசிப் பேக்கரியில் சூடாக ஒரு ரொட்டி கொடுத்தார்கள், வரும் வழியில் பிய்த்துப் பிய்த்துத் தின்றோம். மகளுக்குப் பரீட்சை முடிந்ததும் எங்கே அனுப்புவது என்று பேச்சு. நான் ஒன்று சொல்ல, இவள் ஒன்று சொல்ல, இறக்கம் ஆரம்பித்ததுவரை ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது வண்டி வீட்டு வாசலில் நின்றிருந்தது. எஞ்சின் அணைந்திருந்தது. முதலில் பக்கென்றது, மறுபடியும் வந்துவிட்டதோ என்று. நாக்கைத் தொட்டுப் பார்த்தேன், கடிபடவில்லை. வெறும் தூக்கம்தான். வளைவு வளைவாக மொத்த மலையும் இறங்கியிருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓடுகிற லாரியில் நான் தூங்கியது வாழ்நாளில் இதுவே முதல் தடவை.

இவள் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். இப்போதுதான் என்றாள். இறங்கிப் போய் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். ஆறிப்போயிருந்தது.